"மிஷின் போடு, வருஷம் முழுக்க வேலை தர்றேன்": இந்த வாய்ச்சொல் கோர்ட்டில் நிற்குமா?

#1 பாலாற்றங்கரை

ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் ஷூ அப்பரை (ஷூவின் மேல்பாகம்) கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கம்பெனி மேனேஜர் வந்து இடத்தைப் பார்க்கிறார். "பன்னிரண்டு மிஷின் போட்டுடு, வருஷம் முழுக்க வேலை என் பொறுப்பு" என்கிறார். யூனிட்காரர் கடன் வாங்கி மிஷின் இறக்குகிறார். நாலு மாசம் வேலை வருகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. கையில் மிஞ்சுவது கொஞ்சம் வாட்ஸ்அப், டெலிவரி சலான், ஜிஎஸ்டி பில். பத்திரம் கிடையாது.

"எழுத்து இல்லையா, போச்சு" என்று ஒரு கட்சி. "வாக்கு குடுத்தா குடுத்ததுதான்" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே அரைகுறை என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு எழுதுங்கள். "நல்ல வக்கீலாப் பாருங்க" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

#2 சத்துவாச்சாரி சிவில்

முதலில் எழுத்து பற்றிய பயத்தைத் தீர்த்துவிடலாம். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு கேட்பது: தகுதியுள்ள ஆட்கள், சுயமான சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட மறுபயன் (வாக்குக்குப் பதிலாக மற்றவர் கொடுப்பது அல்லது செய்வது), சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம், சட்டமே செல்லாது என்று சொல்லிவிடாத விஷயம். இவ்வளவுதான். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. எழுத்து கட்டாயம் என்பது தனித்தனி இடங்களில்தான் வரும்: காலாவதியான கடனைத் திருப்பித் தருவதாகச் சொல்வது, மத்தியஸ்தர் ஷரத்து, நிலம் கைமாறுவது, இப்படிச் சில.

மிஷின் வாக்குறுதிக்கு வருவோம். மூன்று இடத்தில் இடிக்கும்.

ஒன்று, மறுபயன். "நான் மிஷின் வாங்கினேன்" என்பது மறுபயன் ஆகுமா? 2(d) பிரிவின்படி, வாக்குக் கொடுத்தவர் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்ததாக இருக்க வேண்டும். 1880-ல் அலகாபாத்தில் தீர்ப்பான துர்கா பிரசாத் வழக்கில், ஒருவர் மார்க்கெட்டில் கடைகள் கட்டினார். அங்கே வியாபாரம் செய்தவர்கள் அவருக்குக் கமிஷன் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கொடுக்கவில்லை. வழக்கு தோற்றது. காரணம், அவர் கடை கட்டியது கலெக்டர் சொல்லி. வியாபாரிகள் கேட்டு அல்ல. ஆகவே "மிஷின் போடு" என்று கம்பெனி கேட்டது நிரூபணமானால் மறுபயன் உண்டு. யூனிட்காரர் தானே விரிவாக்கம் செய்துவிட்டு, பிறகு "உனக்கு வேலை தர்றேன்" என்று கம்பெனி சொல்லியிருந்தால், மிஷின் வாங்கியது மறுபயன் ஆகாது. எது முதலில் நடந்தது என்பதற்குத் தேதி வேண்டும். மிஷின் கொட்டேஷன் எந்தத் தேதி, கம்பெனி மெசேஜ் எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள்.

இரண்டு, திட்டவட்டம். பெரும்பாலான கேஸ் செத்துப்போவது இங்கேதான். 29-வது பிரிவு: அர்த்தம் நிச்சயமாக இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது. "வருஷம் முழுக்க வேலை" என்றால் மாதம் எத்தனை ஜோடி? என்ன ரேட்? எந்த மாடல்?

மூன்று, சொன்னவர் யார். இதைப் பிறகு எழுதுகிறேன்.

#3 அப்பர் ஆம்பூர்

சார், 29 பற்றிச் சொன்னது சரி, ஆனால் அப்படியே விட்டால் எல்லோரும் பயந்துவிடுவார்கள். "நிச்சயப்படுத்தவும் முடியாத" என்ற பாதியையும் சேர்த்துப் படிக்கணும். அந்தப் பிரிவின் கீழேயே உதாரணம் இருக்கிறது. "நூறு டன் எண்ணெய்" விற்பதாக ஒருவர் ஒப்புக்கொண்டால், எந்த எண்ணெய் என்று தெரியாததால் செல்லாது. அதே ஆள் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவர் என்றால் செல்லும், ஏனென்றால் அவர் தொழிலே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது.

இதை அப்பர் லைனுக்குப் பொருத்திப் பாருங்க. நாலு மாசம் ஓடியிருக்கு. டெலிவரி சலான் எல்லாம் எடுத்து அடுக்கினால் தினம் சராசரி 300 ஜோடி, ரேட் ஜோடிக்கு 42 ரூபாய் என்று வந்தால், ரெண்டு தரப்பும் எதை மனசில் வச்சுப் பேசினாங்க என்பதுக்கு அதுவே சாட்சி. பன்னிரண்டு மிஷின், இத்தனை ஆப்பரேஷன், ஒரு நாளைக்கு என்ன கெபாசிட்டி என்பதும் கணக்கில் வரும். ஒரு மாசம் 150, அடுத்த மாசம் 700, ரேட்டும் மாடலுக்கு மாடல் என்று தாறுமாறாக இருந்தால்தான் கஷ்டம்.

#4 சத்துவாச்சாரி சிவில்

#3 சொல்வது சரி, ஒரு திருத்தத்தோடு. சலான்கள் அளவையும் ரேட்டையும் காட்டும். "ஒரு வருஷம்" என்ற காலத்தைக் காட்டாது. காலத்துக்குத் தனியாக ஏதாவது வேண்டும். "மார்ச் வரை ஷெட்யூல் இருக்கு", "சம்மர் சீசன் முழுக்க உங்களுக்குத்தான்" என்று ஒரு வரி மெசேஜ் இருந்தால்கூடப் போதும். அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு பிஓ-வும் (பர்ச்சேஸ் ஆர்டர்) தனித்தனி ஒப்பந்தம் என்று கம்பெனி வாதாடும், பெரும்பாலும் ஜெயிக்கும்.

#5 ரங்காபுரம்

வாக்கை நம்பிப் பணம் போட்டுட்டான் என்பதே போதாதா? மோதிலால் பதம்பத் வழக்கு, 1979. உத்தரப் பிரதேச அரசு மூணு வருஷம் விற்பனை வரி விலக்கு என்று சொல்லி, அதை நம்பி வனஸ்பதி ஃபேக்டரி கட்டினார்கள். அரசு பின்வாங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே. இது அச்சு அசல் அதே கதைதானே?

#6 சத்துவாச்சாரி சிவில்

வாக்குறுதித் தடை என்பது அது. நம் நாட்டில் அந்தக் கோட்பாடு வளர்ந்ததே பெரும்பாலும் அரசுக்கு எதிரான வழக்குகளில். தனியாருக்கு எதிராகக் கூடவே கூடாது என்று இல்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு பிராது போட்டால் கால் ஊன்ற இடம் இருக்காது. அந்த வழக்கிலும் வாக்குறுதி தெளிவாக இருந்தது: என்ன வரி, எத்தனை வருஷம் என்று எழுத்தில் இருந்தது. தெளிவில்லாத வாக்கை எந்தக் கோட்பாடும் தூக்கி நிறுத்தாது. ஒப்பந்த மீறல் முதல் வாதம், இதை மாற்று வாதமாக ஒரு பத்தியில் வையுங்கள்.

#7 கணக்குப்பிள்ளை

எல்லோரும் ஜெயிப்பது பற்றியே பேசுகிறீர்கள். ஜெயித்தால் கையில் என்ன வரும் என்று பார்ப்போம். #3-ன் எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

300 ஜோடி × 26 நாள் = மாதம் 7,800 ஜோடி. 42 ரூபாய் வீதம் பில் 3,27,600. இதை எட்டு மாதத்தால் பெருக்கி 26 லட்சம் கேட்டு நோட்டீஸ் விடுவதுதான் ஊர் வழக்கம். கிடைக்காது. 73-வது பிரிவு தருவது நட்டம். பில் தொகை அல்ல. கூலி, கரண்ட், நூல், ஊசி எல்லாம் போக ஜோடிக்கு 36 செலவு என்றால் மிச்சம் 6. மாதம் 46,800, எட்டு மாதத்துக்கு 3,74,400.

இன்னும் இருக்கிறது. நட்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. மூன்றாவது மாதத்திலிருந்து வேறு கம்பெனி வேலை கிடைத்து ஜோடிக்கு 3 ரூபாய் நின்றது என்று வையுங்கள்: 6 × 7,800 × 3 = 1,40,400 கழியும். மீதி 2,34,000. இதுதான் உண்மையான வழக்குத் தொகை.

வேறு வேலை தேடவே இல்லை, மிஷினை மூடி வைத்துவிட்டேன் என்பது பலம் அல்ல, பலவீனம். தேடியதற்கு அடையாளம் வையுங்கள். யாருக்கு சாம்பிள் கொடுத்தீர்கள், எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது.

இழந்த லாபத்துக்குப் பதிலாக மிஷின் செலவைக் கேட்கலாம்: வாங்கின விலையில் மறுவிற்பனை மதிப்பைக் கழித்து. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒரே நட்டத்தை இரண்டு முறை கேட்டதாகிவிடும்.

இதற்குச் செலவாகும் வருஷங்களையும் யோசித்தால், முதல் நாளே நாலு வரி எழுதி வாங்குவது எவ்வளவு மலிவு என்று புரியும்.

#8 அப்பர் ஆம்பூர்

அந்த நாலு வரி இப்படி இருக்கலாம். பத்திரமே வேண்டாம், மெயிலில் போதும்:

"தாங்கள் கேட்டுக்கொண்டபடி 12 மிஷின் வாங்குகிறோம். (தேதி) முதல் (தேதி) வரை 12 மாதங்களுக்கு, மாதம் குறைந்தது 6,000 ஜோடி தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ரேட் ஜோடிக்கு 42 ரூபாய், மாடல் மாறினால் ஆப்பரேஷன் கணக்கில் திருத்தம். 6,000-க்குக் குறைந்தால், குறைந்த ஒவ்வொரு ஜோடிக்கும் 6 ரூபாய். இந்த 6 ரூபாய் இணைப்பில் உள்ள செலவுக் கணக்கின்படி எங்கள் மிச்சம். சம்மதம் தெரிவித்த பிறகு மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம்."

கடைசி வரி முக்கியம். சம்மதம் முன்னால், மிஷின் பின்னால். #2-ல் சொன்ன தேதிப் பிரச்சினை அப்போது வராது.

#9 கணக்குப்பிள்ளை

இணைப்பில் செலவுக் கணக்கு வைத்தது நல்ல யோசனை. 74-வது பிரிவில் முன்கூட்டியே குறித்த தொகை ஒரு உச்சவரம்புதான். அதற்குள் நியாயமானதைத்தான் கோர்ட் தரும். நட்டத்தை நிரூபிக்க முடிகிற விஷயத்தில் நிரூபித்தே ஆக வேண்டும் என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "லேட்டானால் நாளுக்கு 2 பர்சென்ட்" என்று மிரட்டலுக்குப் போடும் எண்களை அப்படியே யாரும் தரப்போவதில்லை.

#10 குடியாத்தம் தறி

மெயில் அனுப்பினால் பெரிய கம்பெனி பதிலே போடமாட்டான். மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாமா?

#11 சத்துவாச்சாரி சிவில்

மௌனம் மட்டும் சம்மதம் ஆகாது. "ஏழு நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்" என்று நீங்களே எழுதிக்கொண்டாலும் ஆகாது. ஆனால் 8-வது பிரிவு இருக்கிறது: நிபந்தனையைச் செயலில் நிறைவேற்றினால் அது ஏற்பு. உங்கள் மெயில் போன பிறகு, அதில் சொன்ன ரேட்டில், சொன்ன அளவில் கட்டிங் (தைக்க வெட்டிய தோல்) அனுப்ப ஆரம்பித்தால் அவர் நடத்தை பேசும்.

எதிர்ப்பக்கமும் கவனியுங்கள். நீங்கள் ஒரு நிபந்தனையோடு அனுப்ப, அவர் பிஓ-வின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வேறு நிபந்தனை வர, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் சரக்கை அனுப்பினால் ஏற்றுக்கொண்டது நீங்கள்தான். 7-வது பிரிவின்படி ஏற்பு முழுமையாக இருக்க வேண்டும். மாற்றிச் சொன்னால் அது புது முன்மொழிவு. கடைசியாக வந்த காகிதத்தின் மேல் யார் வேலையைத் தொடங்கினார்கள் என்று பார்த்தாலே பாதி வழக்கு தெரிந்துவிடும்.

சொன்னவர் யார் என்ற விஷயம்: மெர்ச்சண்டைசர், லைன் சூப்பர்வைசர், கியூசி (தரம் பார்ப்பவர்) சொன்னது கம்பெனியைக் கட்டுமா? அவருக்கு அதிகாரம் இருப்பதாக நீங்கள் நம்பும்படி கம்பெனியே நடந்துகொண்டிருந்தால் கட்டும், 237-வது பிரிவு. அவர் முன்பு சொன்ன ரேட்டுகளுக்கு அக்கவுண்ட்ஸ் பணம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் நல்ல ஆதாரம். ஆனால் கியூசி பையன் "வருஷ ஆர்டர்" கொடுத்தார் என்றால் எந்த நீதிபதியும் நம்பமாட்டார். அப்படிப்பட்ட பேச்சை கம்பெனியின் பொது மெயில் முகவரிக்கும் ஒரு பிரதி போட்டு உறுதி செய்யுங்கள்.

#12 ரங்காபுரம்

மெசேஜில் தம்ஸ் அப் எமோஜி போட்டாலே ஒப்பந்தம்னு கனடாவில் தீர்ப்பு வந்திருக்கு. 2023, சஸ்காட்சுவான், 87 டன் ஆளிவிதை. விவசாயி 82,000 டாலருக்கு மேல் கட்டும்படி ஆச்சு.

#13 சத்துவாச்சாரி சிவில்

நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. அங்கேயும் முன்பு பல தடவை "ஓகே", "யெப்" என்று போட்டுச் சரக்கு அனுப்பின வழக்கம் இருந்ததால்தான் அந்தக் கட்டைவிரலுக்கு மதிப்பு வந்தது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10A பிரிவு இருக்கிறது: மின்னணு வடிவில் உருவானது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. டிரைமெக்ஸ் வழக்கில் (2010) மெயில் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது.

சிக்கல் நிரூபணத்தில். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் உள்ளது. மின்னணுப் பதிவின் பிரதியைத் தாக்கல் செய்ய 63-வது பிரிவுச் சான்று வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65B சான்று ஒரே ஆள் கையெழுத்தில் முடிந்தது. இப்போது இரண்டு பாகம். ஒன்று தாக்கல் செய்பவர், மற்றது நிபுணர். ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினி எண்) எழுத வேண்டும். ஆகவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், "மறையும் மெசேஜ்" செட்டிங்கை அணையுங்கள், வாய்ஸ் நோட்டை மூலக் கோப்பாகவே காப்பாற்றுங்கள்.

#14 வெட்ப்ளூ

இது வரைக்கும் தையல் பேச்சு. தோல் விற்பனைக்கு 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் சேர்ந்து வரும். சண்டை வருவது எப்பவும் ரெண்டு விஷயத்தில்: அளவு, தரம் பிரிக்கிற செலக்‌ஷன்.

அளவு: விற்கிறவன் மிஷினில் 10,000 சதுர அடி, வாங்கினவன் மிஷினில் 9,780. யார் அளவு செல்லும் என்று முதலிலேயே எழுதலேன்னா முடிவே கிடையாது. "விற்பவர் அளவு, 1 சதவீதம் வரை வித்தியாசம் தள்ளுபடி, அதுக்கு மேல் போனால் கூட்டாக மறு அளவு" என்று ஒரு வரி போதும். வெட் ப்ளூவும் (குரோம் போட்டுப் பதப்படுத்தின ஈரத் தோல்) கிரஸ்ட்டும் (அதைக் காயவச்ச, ஃபினிஷ் பண்ணாத தோல்) ஈரம் மாறினால் அளவும் மாறும், அதனால் எந்த நிலையில் அளக்கணும்னும் சேர்த்து எழுதுங்க.

செலக்‌ஷன்: சாம்பிள் காட்டி விற்றால் 17-வது பிரிவு. மொத்தச் சரக்கும் சாம்பிளோடு ஒத்துப்போகணும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத குறையும் இருக்கக்கூடாது. சாம்பிள் துண்டை ரெண்டாக வெட்டி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிறது பழைய பழக்கம். இப்ப போட்டோ எடுத்து அனுப்பிட்டு விட்டுடறாங்க. ஷேடு, கனம் 1.2 மி.மீ.-யா 1.4-ஆ என்பதெல்லாம் போட்டோவில் எங்கே தெரியும்?

வாங்கினவர் மறக்கக்கூடாதது: கட்டிங் டேபிளில் ஏத்திட்டா ரிஜெக்ட் பண்ற உரிமை போச்சு. 42-வது பிரிவின்படி சரக்கை விற்றவனுக்கு இனி சொந்தமில்லை என்பது மாதிரி நடந்துக்கிட்டா அது ஏற்பு. வெட்டின தோலை எப்படித் திருப்பி அனுப்புவீங்க? அதுக்கப்புறம் விலையில் கழிவு, நட்டஈடு மட்டும்தான். நியாயமான காலத்துக்குள் சொல்லாமல் வச்சிருந்தாலும் அதே கதி.

#15 அப்பர் ஆம்பூர்

லேட் டெலிவரிக்கும் இது மாதிரி ஒரு பொறி இருக்கு. மறுபடி ஒப்பந்தச் சட்டம், 55-வது பிரிவின் கடைசிப் பத்தி. தாமதமாக வந்த சரக்கை வாங்கிக்கும்போதே "தாமதத்துக்கு நட்டஈடு கேட்பேன்" என்று சொல்லணும். பேசாமல் இறக்கிக்கிட்டு, மூணு மாசம் கழிச்சு பில்லில் 10 பர்சென்ட் பிடிச்சா அது நிற்காது. கேட் என்ட்ரி போடும்போதே சலானில் "தாமதம், உரிமை நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று எழுதி கையெழுத்து வாங்கினால் போதும்.

ஜாப் ஒர்க்காரர்கள் பக்கம் நின்று பார்த்தால், அப்படி எதுவும் எழுதாத சலான் எல்லாம் உங்கள் ஆயுதம். பத்திரமா வச்சுக்குங்க.

#16 பாலாற்றங்கரை

பணம் வராவிட்டால் கையில் இருக்கும் சரக்கைப் பிடித்து வைக்கலாமா? ஃபினிஷிங் யூனிட்டுகளில் இது தினசரிக் கேள்வி.

#17 சத்துவாச்சாரி சிவில்

170-வது பிரிவு. உழைப்போ திறமையோ செலுத்தி மதிப்புக் கூட்டிய பொருளை, அந்த வேலைக்கான கூலி வரும்வரை பிடித்து வைக்கலாம். பலர் தவறுவது இங்கே:

எந்த லாட்டுக்கு வேலை செய்தீர்களோ அந்த லாட்டுக்கான கூலிக்கு மட்டும். போன வருஷப் பாக்கிக்காக இந்த மாதத் தோலைப் பிடிக்க முடியாது. பொதுப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமை 171-வது பிரிவில் வங்கி, ஃபேக்டர் (பிறர் சரக்கை விற்றுத் தரும் ஏஜெண்ட்) போன்ற சிலருக்குத்தான்; மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தால் மட்டும் உண்டு. ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தில் "எல்லாப் பாக்கிக்கும் சரக்கின் மேல் பிடிப்புரிமை உண்டு" என்று ஒரு வரி சேர்ப்பது அதனால்தான்.

கடன் தவணை கொடுத்திருந்தால் உரிமையே இல்லை. சட்டத்தின் உதாரணத்தில் ஒரு தையல்காரர் வருகிறார்: கோட் தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், பணத்துக்கு மூன்று மாதம் தவணை என்றால், அவர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. நம் ஊரில் எல்லா பில்லிலும் 60 நாள், 90 நாள் என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்த அச்சே உரிமையைத் தின்றுவிடுகிறது.

சரக்கை ஒரு தடவை வெளியே விட்டாலும் உரிமை போகும்.

#18 கணக்குப்பிள்ளை

60, 90 நாள் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு இருந்தால், 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டம் 15-வது பிரிவின்படி எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போக முடியாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 என்றால் வட்டி 18. பில்லில் நீங்கள் எழுதிய 90 நாளைச் சட்டமே வெட்டிவிடும்.

நாள் எண்ணுவது ஏற்புத் தேதியிலிருந்து. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் டெலிவரி நாளே ஏற்பு நாள். இந்த ஒரு வரிக்காகவே சலானில் தேதி, முத்திரை, பெயர் வாங்க வேண்டும்.

சப்ளைக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு உத்யம் எடுத்துப் பழைய பில்லுக்கு வட்டி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021, 2022 தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. இந்தப் பாக்கிச் சண்டைகளை இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து வாங்கினவர் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதம் முதலில் கட்ட வேண்டும். சமரசத்துக்கு அவரை இழுத்து வருவது பெரும்பாலும் இந்த 75 தான்.

#19 குடியாத்தம் தறி

லுங்கி வியாபாரத்தில் பில்லை விட ஆள்தான். "அவனுக்குக் குடு, நான் இருக்கேன்" என்று மூணாவது ஆள் சொல்லுவார். இது நிற்குமா?

#20 சத்துவாச்சாரி சிவில்

ஜாமீன் ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டம் 126-வது பிரிவு. இந்தியாவில் வாய்மொழி ஜாமீனும் செல்லும். ஆனால் எப்போது சொன்னார்? சரக்கு கொடுக்கும் முன் சொல்லி, அதை நம்பிக் கொடுத்திருந்தால் 127-வது பிரிவின்படி மறுபயன் இருக்கிறது. சரக்கு போய், பாக்கி விழுந்து, பஞ்சாயத்தில் உட்கார்ந்து "சரி, அவன் குடுக்கலைன்னா நான் பொறுப்பு" என்றால் அது வெறும் பேச்சு. சட்டத்தின் உதாரணமே அதைச் செல்லாது என்கிறது. அந்தப் பஞ்சாயத்திலேயே "நீங்க பொறுப்பேத்துக்கிட்டா ஆறு மாசம் கேஸ் போடாம இருக்கேன்" என்று நீங்கள் விட்டுக்கொடுத்து, அதையும் எழுதிவிட்டால் மறுபயன் வந்துவிடும். அதே பஞ்சாயத்து, ஒரு வரிதான் வித்தியாசம்.

ஜாமீன்தாரரைக் கேட்காமல் ரேட்டையோ தவணையையோ மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்கு அவர் கழன்றுகொள்வார், 133.

மறுபயன் ஜாமீன் வாங்குபவரிடமிருந்தே வர வேண்டும் என்று இல்லை. சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றம்தான் 1881-ல் அதைத் தெளிவாக்கியது. தாய் மகளுக்குச் சொத்தை எழுதிவைக்க, மகள் வேறொரு உறவினருக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார். அந்த உறவினர் ஒன்றும் தரவில்லை. இருந்தும் வழக்கில் ஜெயித்தார்.

#21 கணக்குப்பிள்ளை

இத்தனையும் சரியாக இருந்தும் வாசலிலேயே வழக்கு திரும்பும் இடம் ஒன்று: பதிவு செய்யாத பங்குதாரர் நிறுவனம். 1932-ம் வருடப் பங்குதாரர் சட்டம் 69(2): ஃபர்ம் பதிவாகாமலோ, வழக்குப் போடுபவர் பெயர் பதிவேட்டில் பங்குதாரராக இல்லாமலோ இருந்தால், வெளியாள் மேல் ஒப்பந்த வழக்குப் போட முடியாது. பங்குதாரர் ஒப்பந்தப் பத்திரத்தை நோட்டரி செய்வது பதிவு அல்ல. பான், ஜிஎஸ்டி இருப்பதும் பதிவு அல்ல. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஃபர்ம் பதிவுச் சான்று இருக்க வேண்டும், அதுவும் வழக்குப் போடும் முன்பே. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்), அப்பா போய் மகன் சேர்ந்த மாற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

#22 ரங்காபுரம்

ஸ்டாம்ப் பேப்பர்?

#23 சத்துவாச்சாரி சிவில்

முத்திரை இல்லாததால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. கோர்ட்டில் ஆதாரமாக ஏற்க முடியாது என்பதுதான். குறைவையும் அபராதத்தையும் கட்டினால் ஏற்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதி அமர்வு 2023 டிசம்பரில் மத்தியஸ்த ஒப்பந்தம் விஷயத்தில் இதைத்தான் உறுதி செய்தது. அபராதம் குறைவைப் போலப் பத்து மடங்கு வரை போகும். சரக்கு விற்பனைக்கு மட்டுமே உரிய ஒப்பந்தத்துக்கு முத்திரைச் சட்ட அட்டவணையில் விலக்கு இருக்கிறது; ஜாப் ஒர்க்குக்கு அது பொருந்தாது. பழைய 20 ரூபாய்ப் பத்திரத்தைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: தமிழ்நாட்டில் 2024-ல் கட்டணங்கள் உயர்ந்துவிட்டன.

புரோநோட்டு மட்டும் தனி. ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டியும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று. பழைய ஒப்பந்தங்களில் "வேலூர் மாவட்ட நீதிமன்றங்கள் மட்டும்" என்று இருக்கும். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூரில். ஆற்காடு, வாலாஜா, மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். புதிதாக எழுதும்போது ஊர் பெயரைச் சொல்லுங்கள். வழக்கின் காரணம் கொஞ்சமும் எழாத ஊருக்கு ஷரத்தால் மட்டும் அதிகாரம் தர முடியாது. தொகை 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் வரும். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் போட்ட பிராது நிராகரிக்கப்படும்.

#24 வெட்ப்ளூ

மாசு கட்டுப்பாட்டு வாரியம் கரண்டை வெட்டிட்டான், அதனால ஆர்டர் முடிக்க முடியலை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவைப் (நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்பது) பிடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தீர்ப்பு வந்தது 1996-ல். சுத்திகரிப்பு இல்லாத டேனரி மூடப்படும் என்பது இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. தன் குறையால் வந்த மூடலை "இயலாமை" என்று சொல்ல முடியாது. கெமிக்கல் விலை ஏறினதும் இயலாமை இல்லை. எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் நிலக்கரி விலைக்கே அதை ஒத்துக்கலை.

#25 பாலாற்றங்கரை

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். பாக்கி மூன்று வருஷத்தை நெருங்குகிறது, உறவைக் கெடுக்க மனம் இல்லை. என்ன எழுதி வாங்கலாம்?

#26 கணக்குப்பிள்ளை

மூன்று வருஷம் முடியும் முன் என்றால் லிமிட்டேஷன் சட்டம் 18-வது பிரிவு. கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புது மூன்று வருஷம். வருஷக் கணக்கு முடிக்கும்போது பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்று கேட்டால் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்:

"எங்கள் கணக்குப்படி தங்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி ரூ. ______. சரி என உறுதி செய்கிறோம். (கையெழுத்து, முத்திரை)"

முடிந்த பிறகு என்றால் இந்த வாசகம் பயன்படாது. ஒப்பந்தச் சட்டம் 25(3)-ன்படி "கொடுக்கிறேன்" என்ற வாக்குறுதியே எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். "பாக்கி இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது.

குறைத்து வாங்கிக்கொண்டு "முழுத் தீர்வு" என்று எழுதிக் கொடுக்கும் முன் யோசியுங்கள். 63-வது பிரிவின்படி அதற்கு மறுபயன்கூட வேண்டாம், மீதி போய்விடும். 27 லட்சத்துக்கு மேல் வரவேண்டியவர் 20 லட்சத்தை முழுத் தீர்வாக வாங்கிக்கொண்டு, பிறகு மீதிக்கு வந்தபோது உச்ச நீதிமன்றம் 1962-ல் இல்லை என்றுவிட்டது. மனசில்லையென்றால் ரசீதில் "பகுதித் தொகை" என்று எழுதுங்கள்.

#27 சத்துவாச்சாரி சிவில்

#26-ன் வாசகத்தில் இரண்டு விடுபட்டிருக்கிறது. "எந்தத் தேதி வரை" என்பதும், கையெழுத்துப் போட்ட தேதியும். இரண்டாவது இல்லையென்றால் அது மூன்று வருஷத்துக்குள் போட்டதா, முடிந்த பிறகு போட்டதா என்று சாட்சி ஏற்றி நிரூபிக்க வேண்டியிருக்கும். தேதியை எதிர்த்தரப்பையே அவர் கைப்பட எழுதச் சொல்லுங்கள்.